‘ச்சூ’ பெரியப்பா

கூடலூரில் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் தேனி அல்லிநகரம் வரைக்கும் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அவர் இருப்பார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, காலை ஐந்து மணிக்கே மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நிற்பார். மேகமலை உச்சியில் வெளிச்சம் விழுவதைப் பார்க்க வந்த ரசிகர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அவர் கண் மலையில் இல்லை. பின்வீட்டு ஓட்டுச் சாய்ப்பில் இருக்கிறது. அங்கே ஒரு வால் நுனி அசைந்தால் போதும், "ச்சூ!" என்று சத்தம் கிளம்பும். மூன்று வீடு தள்ளித் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை விழித்து அழும். பூனை மட்டும் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, முன்னங்காலை நக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் வழியில் போகும். அவர் ஓய்வுபெற்ற வாத்தியாராக இருக்கலாம், போடியில் ஏலக்காய்க் கடைக் கணக்குப்பிள்ளையாக இருந்திருக்கலாம், திராட்சைத் தோட்டத்தைப் பையன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பவராகவும் இருக்கலாம். தெருப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: ச்சூ பெரியப்பா.

அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. கைப்பிடிச் சுவரில் அடுக்கி வைத்திருக்கும் ஜல்லிக் கற்களில் ஒன்றுகூட இதுவரை எந்தப் பூனைமீதும் பட்டதில்லை. அது தன் கருணை என்பார் அவர்; கண்ணில் புரை என்பார் பெரியம்மா. அவர் குறைகளிலும் பொய் இல்லை. மார்கழிப் பனியில் பூனை பைக் சீட்டில் படுத்து உறையைப் பிறாண்டுகிறது. காயப்போட்ட வத்தலின் நடுவே நடக்கிறது. வீடு கட்ட இறக்கிய மணலைக் கக்கூஸாக்குகிறது. பரணில் குட்டி போடுகிறது. நியாயமான புகார்கள்தாம். ஆனால் பத்து வருஷமாக விரட்டியும் ஒரு பூனைகூடக் குறையவில்லையே, ஏன்? விரட்டுவது ஒரு நிகழ்ச்சி, அடைப்பது ஒரு வேலை. நிகழ்ச்சிக்குப் பார்வையாளர்கள் உண்டு, வேலைக்குக் கிடையாது. பெரியப்பா பூனையை விரட்டுகிறாரே தவிர, பூனை வருகிற காரணத்தை ஒரு நாளும் விரட்டியதில்லை. அவருடைய போர்முறை முழுவதையும் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதல் ஆயுதம், வாசல் கிராதியில் தொங்கும் நீலத் தண்ணீர் பாட்டில். சொட்டு நீலம் கலந்த அந்தப் பாட்டில் இன்று தமிழ்நாட்டு வாசல்களில் மாவிலைத் தோரணத்துக்கு அடுத்த இடத்தைப் பிடித்திருக்கிறது. நாய்க்கு என்று ஆரம்பித்தது, பிறகு பூனைக்கும் சேர்த்துத் தொங்குகிறது. ஜப்பானிலும் இதே நம்பிக்கை உண்டு. அங்கே நிறமில்லாத தண்ணீர் பாட்டில்களைச் சுவரோரம் வரிசையாக வைப்பார்கள். அதனால் பூனை குறைந்ததாகத் தெரியவில்லை. வெயில் பாட்டில் வழியே குவிந்து தீப்பிடிக்கலாம் என்று தீயணைப்புத் துறையினர்தாம் எச்சரிக்க வேண்டி வந்தது. பூனைக் கண்ணுக்குச் சிவப்புதான் மங்கல், நீலம் நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அந்தப் பாட்டிலின் நிழலில் படுத்திருக்கிறது. இரண்டாவது ஆயுதம், மருமகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய மீயொலிக் கருவி. மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும்; பூனைக் காது 60-ஐயும் தாண்டும். ஆகவே கருவியின் தத்துவத்தில் பிழையில்லை. ஆனால் பிரிட்டனில் தோட்டங்களில் வைத்துச் சோதித்தபோது, பூனை நுழையும் வாய்ப்பு அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறைந்தது. மூன்று தடவையில் இரண்டு தடவை வருகிற விருந்தாளியை யாராவது வராத விருந்தாளி என்று சொல்வார்களா? கருவி சத்தம் போடுகிறதா என்றே பெரியப்பாவுக்குத் தெரியாது. சிவப்பு விளக்கு மினுங்குவதைப் பார்த்து நம்புகிறார்.

மூன்றாவது ஆயுதம்தான் கொஞ்சம் கவலைக்குரியது: பினாயிலும் பாச்சை உருண்டையும். பூனை ஒரு தூணில் நீர் பீய்ச்சிவிட்டுப் போனால், பெரியப்பா அரை பாட்டில் பினாயிலை அங்கே கவிழ்ப்பார். வீடு ஆஸ்பத்திரி வார்டு போல மணக்கும். பூனை மறுநாள் வந்து மோந்து பார்க்கும். தன் கையெழுத்தின்மேல் வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருப்பதாக நினைத்து, மறுபடி அழுத்திப் போட்டுவிட்டுப் போகும். வாடையை மூடுவது வேறு, போக்குவது வேறு. சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தேனி வெயிலில் இரண்டு நாள் காயவிட்டால் பாதி வேலை முடியும். அதைவிட முக்கியம் பூனையின் உடம்பு. பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைச் சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் மனிதக் கல்லீரலுக்கு உண்டு, பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நம் வீட்டு நாய் தாங்குவதைக்கூடப் பூனை தாங்காது. ஈரத்தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கியே அது விஷத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். பாச்சை உருண்டையும் அப்படித்தான். கொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் கொல்லக்கூடிய ஆயுதங்கள் இவை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னால் உண்மையிலேயே பதறிப்போவார்.

நான்காவது, சாக்கு. "ஒரு சாக்குல கட்டிக் கொண்டுபோயி ஆத்துக்கு அங்கிட்டு விட்டுட்டு வந்துட்டா, தண்ணியத் தாண்டி வராதுப்பா" என்பது பள்ளத்தாக்கு முழுவதும் செல்லுபடியாகும் சட்டம். முல்லைப் பெரியாற்றின் மறுகரைக்குப் பூனையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருபவரின் முகத்தில், நாடு கடத்தும் உத்தரவில் கையெழுத்திட்ட கலெக்டரின் கம்பீரம் இருக்கும். ஆற்றுக்குப் பாலம் இருக்கிறது என்பதைப் பூனை அறியாது என்று அவர் கணக்கு. 1922-லேயே அமெரிக்காவில் ஹெரிக் என்ற விலங்கியலாளர் பூனைகளை மூடிய பைகளில் எடுத்துப்போய் மைல் கணக்கில் தள்ளி விட்டுச் சோதித்தார். தாய்ப்பூனை தன் குட்டிகளிடம் திரும்பி வந்தது. ஆனால் கம்பத்துக்காரர்களுக்கு அமெரிக்க உதாரணம் எதற்கு? 2023 ஏப்ரல் கடைசியில் இடுக்கி சின்னக்கானலில் அரிக்கொம்பன் யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கழுத்தில் ரேடியோ காலர் வேறு. அது மேகமலைப் பக்கம் சுற்றிவிட்டு, மே 27 அன்று கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றது. 144 தடை உத்தரவு போட வேண்டியிருந்தது. ஓர் உயிரும் போனது. ஜூன் 5-ஆம் தேதி மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அரிசிமேல் ஆசைப்பட்டு ரேஷன் கடைகளை உடைத்ததால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. இடம் மாற்றினால் உயிரின் பசியும் வழித்தடமும் மாறிவிடாது என்பதைக் கம்பம் கண்ணால் பார்த்த ஊர். யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் என்ற பழமொழியை மனப்பாடமாக வைத்திருக்கும் பெரியப்பா, இந்த இடத்தில் மட்டும் அதைப் பொருத்திப் பார்ப்பதில்லை.

சரி, அந்தப் பூனை திரும்பி வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அது வைத்திருந்த இடம் காலியாக இருக்குமா? டாஸ்மேனியக் காடுகளில் காட்டுப்பூனைகளாகிவிட்ட பூனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து அகற்றிப் பார்த்தார்கள். அகற்றிய இரண்டு இடங்களிலும் எண்ணிக்கை குறைவதற்குப் பதில் கூடியது. ஓரிடத்தில் 75 சதவீதம், மற்றதில் 211 சதவீதம். இடம் பிடித்து வைத்திருந்த கிழட்டுக் கடுவன் போனதும், சுற்றுப்பட்டு இளவட்டங்கள் எல்லாம் உள்ளே வந்ததுதான் காரணமாக இருக்கும் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. பேருந்து நிலையத்தில் ஒரு பூக்காரம்மா எழுந்துபோன இடத்தில் அரைமணி நேரத்தில் மூன்று கூடை வந்து உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலி கொடுத்துப் பழக்குவதும் இதே கணக்கில்தான் தோற்கிறது. தெனாலிராமன் தன் பூனைக்குக் கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்து, பாலைக் கண்டாலே ஓடும்படி செய்த கதையைச் சொல்லிச் சிரிக்காத வீடு கிடையாது. ராமன் சூடு வைத்தது ஒரே ஒரு பூனைக்கு. அடுத்த தெருப் பூனைக்கு அந்தக் கதையை யாரும் சொல்லவில்லை. ஆகவே மிளகாய்ப் பொடி தூவுவது, முள்ளைப் பரப்புவது, வெந்நீர் ஊற்றுவது எல்லாம் பாவக்கணக்கில் ஏறுமே தவிர பலன் கணக்கில் ஏறாது.

நம் வீடுகளில் பூனைக்கு எதிராக உண்மையிலேயே வென்ற கருவி ஒன்று இருந்தது. அது உறி. பனைநாரிலோ கயிற்றிலோ பின்னி, விட்டத்திலிருந்து அடுப்படி நடுவே தொங்கவிட்ட உறியில் தயிர்ச்சட்டியும் வெண்ணெய்க் கலயமும் ஏறி உட்கார்ந்திருக்கும். சுவரிலிருந்து தாவ எட்டாத தூரம், தரையிலிருந்து குதிக்க எட்டாத உயரம். பூனை கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். பிறகு மரியாதையாக எலி பிடிக்கப் போகும். யாரும் "ச்சூ" என்று கத்த வேண்டியதில்லை. உறியை வென்றவன் கோகுலத்தில் ஒருவன்தான். அவனுக்குத் தோள் கொடுக்கக் கூட்டாளிகள் இருந்தார்கள், பூனைக்கு அந்த வசதி இல்லை. அந்த உறியின் தத்துவம் எளிது: பூனையைத் திருத்தாதே, பாலை நகர்த்து. ஃப்ரிட்ஜ் வந்ததும் உறியை இறக்கிவிட்டோம். தவறில்லை. ஆனால் விடியற்காலை பால்காரர் ஆவின் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போகும் துணிப்பை எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். வாசல் கிராதியில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பூனை பின்னங்காலில் நின்றால் வாய் படும் இடத்தில்! பல் பட்ட பாக்கெட்டிலிருந்து பால் சொட்டுச் சொட்டாகப் படியில் இறங்க, மாடியிலிருந்து பெரியப்பா கத்த, பூனை நக்க, நாள் தொடங்குகிறது. மூடி போட்ட ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கிராதிக்குள் வைத்தால் இந்தக் காட்சி அன்றோடு முடிந்துவிடும். காட்சி முடிந்துவிடுமே என்பதுதான் பெரியப்பாவின் பிரச்சினை.

மணல் கதையும் இதேதான். எம்-சாண்ட் ஆனாலும் ஆற்று மணல் ஆனாலும், தளர்வாகக் குவிந்து கிடக்கும் மண் பூனைக்கு நகராட்சி கட்டிக்கொடுத்த கழிப்பிடம். தோண்ட வேண்டும், போக வேண்டும், மூட வேண்டும். அதற்கு இதைவிடச் சுத்தமான ஏற்பாடு உலகில் கிடையாது. இரவு ஒரு தார்ப்பாயைப் போர்த்தி, நாலு மூலையிலும் செங்கல் வைத்தால் தீர்ந்தது. செடித் தொட்டி என்றால் மண்மேல் தேங்காய் மட்டையை நெருக்கிப் பரப்பலாம். தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் ஊரில் மட்டைக்கா பஞ்சம்? பைக்குக்கு ஓர் உறை. கார் எடுக்கும்முன் பானட்டில் இரண்டு தட்டு; குளிர்காலத்தில் எஞ்சின் சூட்டுக்கு உள்ளே ஏறிப் படுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் பின்வாசல் மூலையில் கொட்டுவது யார் என்று கேட்டால், வீட்டில் ஒரு நீண்ட மௌனம் நிலவும். "ஏங்க, நா எங்க பூனைக்குச் சோறு வச்சேன்? மிச்சமான தலையத்தான வச்சேன்" என்று பெரியம்மா சொல்வார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பது ஓர் ஆளைப் பற்றிய பழமொழி என்று நினைத்திருந்தோம். இங்கே அந்த இரண்டு உத்தியோகத்தையும் கணவனும் மனைவியும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

செய்யாத குற்றத்துக்கும் பூனைதான் தண்டனை வாங்குகிறது. பந்தலில் பன்னீர்த் திராட்சை கொத்துக் கொத்தாகக் குறைந்திருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் வேறு, கோபம் இரட்டிப்பாகும். "இதுக வேலதான்" என்று தீர்ப்பாகிவிடும். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியை உண்டாக்கும் மரபணு அதன் உடலில் செயலிழந்து கிடக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். இரவில் பரணில் தடதடவென்று ஓடி, பழத்தைத் தின்றுவிட்டுப் போவது மரநாயாக இருக்கலாம், வௌவாலாக இருக்கலாம். குற்றவாளியைச் சரியாகப் பிடிக்காத போலீஸ் எத்தனை லத்தி சுழற்றினாலும் திருட்டு நிற்காது.

இதற்கெல்லாம் பெரியப்பாவிடம் பதில் உண்டு, அவற்றில் சில நல்ல பதில்கள். "பேரன் பேத்தி வர்ற வீடுப்பா, நோய் நொடி வந்தா நீயா பார்ப்பே?" என்பார். பூனை பிறாண்டினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. கர்ப்பிணிப் பெண்கள் பூனைக் கழிவைத் தொடக் கூடாது என்பதும் சரியே. ஆனால் அந்தக் கழிவிலுள்ள டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் பக்குவத்துக்கு வர ஒரு நாளாவது ஆகும். அன்றன்று அள்ளி அகற்றினாலே ஆபத்து வெகுவாகக் குறையும். ஆக, நோய்ப் பயம் தார்ப்பாய்க்குத்தான் வாதாடுகிறது, "ச்சூ"வுக்கு அல்ல. கத்தி விரட்டும்போது மூலையில் மாட்டிய பூனைதான் பிறாண்டும். "எல்லாத்தையும் அடைச்சா காத்து எப்படி வரும்? ஆடிக் காத்துக்காகவே பள்ளத்தாக்குல வீடு கட்டியிருக்கோம்" என்பது அடுத்த கேள்வி. செங்கல் வைத்து அடைக்க யார் சொன்னது? கம்பி வலை போதும். தலை நுழையும் சந்தில் பூனையின் முழு உடலும் நுழைந்துவிடும், தோள்பட்டை அப்படி அமைந்திருக்கிறது. சாய்ப்புக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, புகைக்கூண்டு, குளியலறை ஜன்னல் என மூன்று நான்கு இடங்களில் அரை அங்குலக் கண் வலையை ஆணியடித்தால் காற்று வரும், பூனை வராது. பக்கத்து வீட்டு அப்பத்தா சோறு வைப்பதால்தான் எல்லாம் வருகிறது என்பது மூன்றாவது. அதில் பாதி உண்மை. கண்ட நேரத்தில் கண்ட இடத்தில் வைக்கும் சோறு கூட்டத்தைக் கூட்டும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தை எடுத்துவிட்டால் பூனைக்கு அந்த இடம் பழகும், மற்ற வாசல்களைச் சுற்றும் வேலை குறையும். அப்பத்தாவோடு பத்து வருஷம் சண்டை போடுவதைவிட, "சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க கொல்லையில மட்டும் வைங்கத்தா" என்று ஒரு தடவை சொல்வது மலிவு.

பூனைப் பிரியர்களும் இங்கே கொஞ்சம் குனிந்து கேட்க வேண்டும். பூனை இருந்தால் எலியே இருக்காது என்பது அவர்கள் பாட்டு. நியூயார்க்கில் ஒரு கழிவுக் கிடங்கில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்ததில், பெருச்சாளி போன்ற பெரிய எலிகளில் பூனைகள் கொன்றது இரண்டே இரண்டு. சுண்டெலி வேறு விஷயம். ஆனால் நெல் மூட்டையையும் ஏலக்காய் மூட்டையையும் காப்பாற்றப் பூனையை நம்பி, கதவடியில் இரண்டு விரல் இடைவெளியை விட்டுவைப்பவரும் பெரியப்பாவின் சொந்தக்காரர்தான். எண்ணிக்கை குறைய வேண்டுமானால் கருத்தடை செய்ய வேண்டும்; ஒரு பெட்டைப் பூனைக்குக் கர்ப்பம் ஒன்பது வாரம்தான், வருஷத்தில் இரண்டு மூன்று ஈற்றுகள் சாதாரணம். கருத்தடை செய்த கடுவன் தூணில் பீய்ச்சுவதும் இரவில் சண்டையிட்டு ஓலமிடுவதும் வெகுவாகக் குறையும். 2020 முதல் தேனி மாவட்டத்துக்கென்றே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அரசு கால்நடை மருத்துவமனைகளும் இருக்கின்றன. சாக்கு பிடித்து ஆற்றுக்குப் போகும் அதே கையால் ஒரு கூடை பிடித்து அங்கே போய் விசாரிக்கலாம். விஷம் வைக்கலாமா என்று யோசிப்பவரும் தெருவில் ஒருவர் இருப்பார். அவர் பெரியப்பா அல்ல, பெரியப்பாவே அவரோடு பேசமாட்டார். விலங்கை விஷம் வைத்துக் கொல்வதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை.

ஒரு நாள் பெரியப்பா உண்மையாகவே மனம் மாறி, கொத்தனாரையும் கம்பி வலையையும் வரவழைத்து, பத்து வருஷப் போரை ஒரே மதியத்தில் முடிக்க நினைப்பார். அங்கேதான் கடைசி ஆபத்து. சாய்ப்புச் சந்து வழியாகப் போய்வரும் தாய்ப்பூனை இரைதேடப் போயிருக்கும். பரணில் பழைய சாக்குக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே கண் திறக்காத நாலு குட்டி கிடக்கும். சந்தை அடைத்தால் அவை உள்ளேயே செத்துப்போகும், பிறகு எந்தப் பினாயிலாலும் போக்க முடியாத வாடை வரும். பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழாவது வீட்டுக்கு அதுவாகவே கிளம்பும்வரை சில வாரம் பொறுத்தால் பரண் தானாகக் காலியாகும். ஆகவே இதைப் படிக்கும் பெரியப்பாக்களே, கொத்தனார் ஏணியைச் சாத்தும்முன் டார்ச்சை எடுத்துக்கொண்டு பரண்மேல் ஒருதடவை ஏறிப் பார்த்துவிடுங்கள்.